டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்: டிரெயில் வண்டியா, மோட்டோகிராஸ் வண்டியா? இனம் காண்பதும் மாற்றி அமைப்பதும்

பழைய 250 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தால், பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தெரியும். அதே சேசிஸ், அதே பிளாஸ்டிக், அதே தொப்பை வைத்த எக்ஸாஸ்ட் பைப். ஓட்டிப் பார்க்கும்போதுதான் வேறுபாடு புரியும். ஒன்று சவுக்குத் தோப்புக்குள் மரத்துக்கு மரம் வளைந்து அமைதியாகப் போகும். இன்னொன்று அதே தோப்பில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அணையும், கொதிக்கும், கைகளை நோகடிக்கும். அந்த இரண்டாவது வண்டியில் பழுது எதுவும் இல்லை. அது குதித்துக் குதித்து ஓடும் மூடிய டிராக்குக்காகச் செய்யப்பட்ட மோட்டோகிராஸ் வண்டி, முதலாவது காட்டுப் பாதைக்கான டிரெயில் வண்டி, அவ்வளவுதான்.

சென்னையில் டூ ஸ்ட்ரோக் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆர்எக்ஸ் 100 பிரித்துக் கோர்த்த மெக்கானிக் எந்தப் பேட்டையிலும் கிடைப்பார். ஆனால் டர்ட் பைக்கின் குணத்தைத் தீர்மானிக்கும் விஷயங்கள் ஆர்எக்ஸில் இல்லாதவை, அல்லது அங்கே யாரும் கவனிக்காதவை: பவர் வால்வ் (எக்ஸாஸ்ட் துளையின் உயரத்தை ஆர்பிஎம்முக்கு ஏற்ப மாற்றும் வால்வ்), கிளிக்கர் (டேம்பிங்கை, அதாவது அசைவுக்கான எதிர்ப்பை, மாற்றும் திருகு) வைத்த சஸ்பென்ஷன், மேக்னெட்டின் எடை, கியர் இடைவெளி. வாங்கும் முன்பே இவற்றைப் பார்க்கத் தெரிந்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். கையில் இருக்கும் வண்டியை எந்த அளவுக்கு மாற்றலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பெயரிலேயே பாதி விடை

கேடிஎம்மில் எஸ்எக்ஸ் என்றால் மோட்டோகிராஸ். இஎக்ஸ்சி, அமெரிக்கச் சந்தையில் எக்ஸ்சி-டபிள்யூ, என்றால் எண்டியூரோ, அதாவது முழு டிரெயில் வண்டி. அந்த 'டபிள்யூ' அகன்ற கியர் இடைவெளியைக் குறிக்கிறது. நடுவில் எக்ஸ்சி என்று ஒன்று உண்டு. பின் சஸ்பென்ஷனில் எஸ்எக்ஸைப் போலவே லிங்கேஜ் (ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையிலான இணைப்பு) இருக்கும், சக்கரமும் டேங்கும் டிரெயில் வண்டியுடையவை. வேகமான கிராஸ் கன்ட்ரி போட்டிக்காகச் செய்தது அது. யமஹாவில் ஒய்இசட்250 மோட்டோகிராஸ், 2016 மாடலாக வந்த ஒய்இசட்250எக்ஸ் டிரெயில் பக்கம் சாய்ந்தது. இரண்டுக்கும் அடிப்படை இன்ஜின் ஒன்றே: சிலிண்டர் விட்டம் (போர்) 66.4 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் (ஸ்ட்ரோக்) 72 மி.மீ. எக்ஸில் கம்ப்ரஷனைக் குறைத்து, போர்ட் (சிலிண்டர் சுவரிலுள்ள துளை) திறக்கும் நேரத்தையும் இக்னிஷனையும் மாற்றி, கியர்களை அகட்டி, சஸ்பென்ஷனை மென்மையாக்கி, பின்னால் 18 இன்ச் சக்கரமும் சைடு ஸ்டாண்டும் கொடுத்தார்கள். ஒரே இன்ஜினை இரண்டு வேலைக்கு எப்படிப் பழக்குவது என்பதை இந்த ஜோடியைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் குறைவு.

பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் ஸ்டிக்கர் ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கலாம். ஆகவே கண்ணால் பாருங்கள்.

முதலில் பின் ரிம். மோட்டோகிராஸுக்கு 19 இன்ச், டிரெயிலுக்கு 18. டயரின் பக்கவாட்டில் 110/90-19 என்றோ 110/100-18 என்றோ எழுதியிருக்கும். சக்கரத்தின் வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். 18 இன்ச்சில் ரிம் சிறிதானதால் டயரின் சுவர் உயரம் கூடுகிறது. கல்லில் மோதும்போது அந்தச் சுவர்தான் ரிம்மைக் காப்பாற்றும்.

அடுத்து சைடு ஸ்டாண்டு மாட்டும் காது, ஹெட்லைட் வயர், டேங்க் அளவு. மோட்டோகிராஸ் டேங்க் 7 முதல் 8 லிட்டர் பிடிக்கும். டிரெயிலில் பெரும்பாலும் 9 லிட்டரையொட்டி இருக்கும். ஒய்இசட்250எக்ஸ் இதற்கு விதிவிலக்கு, டேங்க் சிறியதுதான். சைலன்சர் டிரெயிலில் நீளம், சத்தமும் குறைவு.

அண்மைக் காலக் கேடிஎம்மில் பின் ஷாக்கைக் கீழிருந்து பாருங்கள். ஷாக்கின் அடி நேராக ஸ்விங் ஆர்மில் மாட்டியிருந்தால் அது பிடிஎஸ் அமைப்பு, இஎக்ஸ்சி குடும்பம். இடையில் லிங்கேஜ் தொங்கினால் எஸ்எக்ஸ் அல்லது எக்ஸ்சி. மரக்கட்டைமேல் வண்டி ஏறி இறங்கும்போது லிங்கேஜ் கட்டையில் மாட்டும், பிடிஎஸ்ஸில் மாட்டுவதற்கு எதுவும் இல்லை. பெரிய ஜம்ப்பிலிருந்து இறங்கும்போது லிங்கேஜ்தான் நிதானமாகத் தாங்கும்.

கியர்பாக்ஸை எண்ணிப் பார்க்கும் முறை

உள்ளே இருப்பது எந்த கியர்பாக்ஸ் என்று இன்ஜினைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். மேக்னெட் கவரைத் திறந்து, நடு நட்டில் சாக்கெட் ஸ்பானரை மாட்டுங்கள். மேக்னெட்டிலும் பின் டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முதல் கியரில் போட்டு, நட்டு இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் நட்டு கழன்றுவிடும். பின் சக்கரம் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் மேக்னெட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மோட்டோகிராஸ் 250இல் அது 19ஐ ஒட்டி வரும். பிறகு டாப் கியரில் போட்டு அதேபோல எண்ணுங்கள்.

முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுங்கள். விடை 2ஐ ஒட்டி வந்தால் நெருக்கமான மோட்டோகிராஸ் கியர்பாக்ஸ். 2.5ஐத் தாண்டினால் அகன்ற டிரெயில் கியர்பாக்ஸ். இந்தக் கணக்கில் ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கை குறுக்கே வராது, ஏனென்றால் இரண்டு எண்ணிலும் அது பொதுவாக இருந்து அடிபட்டுவிடும். யார் எந்த ஸ்ப்ராக்கெட்டை மாட்டி விற்றாலும் உண்மை வெளியே வந்துவிடும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? டிரெயில் வண்டிக்கு நடை வேகத்தில் கல் ஏற ஒரு முதல் கியர் வேண்டும், மண் ரோட்டில் இன்ஜின் அலறாமல் 90 கி.மீ. வேகத்தில் போக ஒரு டாப் கியரும் வேண்டும். நெருக்கமான பெட்டியில் இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். கியர்பாக்ஸ் மாற்ற இன்ஜின் கேஸை இரண்டாகப் பிளக்க வேண்டும், கிராங்க் பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட வேண்டும், கியர் செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்தச் செலவில் டிரெயில் வண்டியையே தேடி வாங்கிவிடலாம். மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வழி உண்டு. கியர்பாக்ஸைத்தான் வாங்கும்போதே சரியாகப் பிடிக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்கும்போது

எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றி, போர்ட் வழியாக டார்ச் அடித்து பிஸ்டன் பக்கவாட்டைப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றினால் பைப் வந்துவிடும், ஐந்து நிமிட வேலை. செங்குத்தாகக் கீறல் இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது, அல்லது ஒருமுறை சீஸ் ஆகியிருக்கிறது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் சிக்கி நின்றிருக்கிறது. பிஸ்டன் முழுவதும் மங்கிய சாம்பல் நிறத்தில், மணல் தேய்த்ததுபோல இருந்தால் ஃபில்டர் பராமரிப்பு இல்லை என்று பொருள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலில் ஓடிய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

பவர் வால்வ் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். சிலிண்டர் பக்கத்திலுள்ள சிறு மூடியைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தால் உள்ளே லிங்க் அசைய வேண்டும். கார்பன் பிடித்துத் திறந்தபடி சிக்கியிருந்தால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவையே இருக்காது. மூடியபடி சிக்கியிருந்தால் மேலே போகும்போது மூச்சடைக்கும். இதைத் தெரியாமல் 'மோட்டோகிராஸ் வண்டி அப்படித்தான், அடியில் பிக்கப் இருக்காது' என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது மோட்டோகிராஸின் குணமா, கார்பனின் வேலையா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு.

புதிய மாடல்களில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆயில் தனி டேங்கா, பெட்ரோலில் கலக்க வேண்டுமா? கேடிஎம் இஎக்ஸ்சி 2018 மாடலில் பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு மாறியபோது தனி ஆயில் டேங்கும் பம்ப்பும் வந்தன. 2023 எஸ்எக்ஸிலும் இன்ஜெக்ஷன் வந்தது, ஆனால் அதில் ஆயிலை நாம்தான் கலந்து ஊற்ற வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டிதானே என்று வெறும் பெட்ரோலை ஊற்றினால் சில கிலோமீட்டரிலேயே பிஸ்டன் ஜாம் ஆகும்.

மாற்றும் வரிசை

கையில் மோட்டோகிராஸ் வண்டி இருக்கிறது, ஓடப்போவதோ தோப்பும் ஏரிக்கரையும் செம்மண் மேடும். எதை முதலில் தொடுவது? பலர் பைப்பில் ஆரம்பிக்கிறார்கள். சஸ்பென்ஷனில்தான் ஆரம்பிக்க வேண்டும். இன்ஜின் முரட்டுத்தனத்தைக் கிளட்சாலும் கை நிதானத்தாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் கல்லில் பட்டுத் தெறிப்பதைச் சமாளிக்க எந்த நிதானமும் உதவாது.

இரண்டு வகையிலும் சஸ்பென்ஷன் ஓட்டம் சுமார் 300 மி.மீ. தான். வேறுபடுவது ஸ்பிரிங்கும் டேம்பிங்கும். மோட்டோகிராஸ் ஷாக் ஆளுயர ஜம்ப்பிலிருந்து விழுவதற்கு இறுக்கியது. சிறு கல்லுக்கு அது அசையாது.

சேக், அதாவது எடையால் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு, இதை அளக்க இரண்டு பேர் உதவிக்கு வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின் சக்கரம் தொங்கும் நிலையில் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்து எழுதுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏறாமல் அளங்கள். முதல் அளவிலிருந்து இது எவ்வளவு குறைந்தது என்பது வெறும் சேக். ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு, கால் வைக்கும் பெக்கில் நின்று இரண்டு முறை அழுத்திவிட்டு, ஏறியபடி அளக்கச் சொல்லுங்கள். இது ஆள் சேக். லிங்கேஜ் வண்டியில் ஆள் சேக் 100 முதல் 105 மி.மீ. வர வேண்டும். பிடிஎஸ்ஸில் 110ஐ ஒட்டி. ஷாக் மேலுள்ள வளைய நட்டைத் திருப்பி இதைக் கொண்டுவந்தபின் வெறும் சேக்கை மறுபடி அளங்கள். லிங்கேஜ் வண்டியில் 30 முதல் 40 மி.மீ. இருந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குச் சரி. 45ஐத் தாண்டினால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம், 25க்குக் கீழே வந்தால் மென்மை.

இங்கேதான் நம் ஊர் நிலைமை வருகிறது. இந்த வண்டிகளின் ஸ்பிரிங் கம்பெனியிலிருந்து வரும்போதே 75 கிலோவையும் அதற்கு மேலும் எடையுள்ள ஆளைக் கணக்கிட்டு வருவது வழக்கம். 62 கிலோ ஆள் ஏறினால் வண்டி இன்னும் கடினமாகத்தான் தெரியும். ஒரு படி மென்மையான ஸ்பிரிங் வாங்கிப் போடுவது, எத்தனை கிளிக்கர் திருப்பினாலும் கிடைக்காத நிம்மதியைத் தரும். ஸ்பிரிங் கையில் வரும்வரை கிளிக்கரில் வேலை பாருங்கள். முதலில் ஒவ்வொன்றையும் முழுக்க மூடி, எத்தனை கிளிக்கில் இருந்தது என்று எழுதிவையுங்கள். பிறகு முன்னும் பின்னும் கம்ப்ரஷன் கிளிக்கரை (சஸ்பென்ஷன் அமுங்கும்போதுள்ள எதிர்ப்பு) 4 கிளிக் திறந்து ஓட்டுங்கள், போதாவிட்டால் இன்னும் 2. ரீபவுண்டை (அமுங்கியது திரும்ப எழும்போதுள்ள எதிர்ப்பு) ஒரே நாளில் சேர்த்துத் தொடாதீர்கள். எது எதை மாற்றியது என்று தெரியாமல் போய்விடும். ஃபோர்க்கின் மேல்மூடியில் உள்ள காற்று ஸ்குரூவை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஒருமுறை திறந்து மூடுங்கள். வெயிலில் நின்ற ஃபோர்க்கில் காற்று விரிந்து, ஸ்பிரிங்போல எதிர்த்து நிற்கும். காற்று ஸ்பிரிங்கிலேயே இயங்கும் ஃபோர்க்கில் இதைச் செய்யக் கூடாது. அதில் பம்ப் வைத்து அழுத்தத்தைப் பார்த்து வைக்க வேண்டும், அதையும் நிழலில் ஆறிய பிறகு.

அடுத்தது ஸ்ப்ராக்கெட். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். முன் 14, பின் 50 என்றால் விகிதம் 3.57. முன்னால் 13 போட்டால் 3.85, பின்னால் 52ம் சேர்த்தால் 4.00. முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் ஏறக்குறைய நான்கு பல் கூட்டுவதற்குச் சமம். டிரெயிலுக்கு 3.85இல் ஆரம்பியுங்கள். 4.00க்குப் போனால் தோப்புக்குள் இனிமையாக இருக்கும், ஆனால் நெருக்கமான கியர்பாக்ஸில் டாப் கியரும் சீக்கிரம் முடிந்துவிடும். முன்னால் 12 பல் வேண்டாம். செயின் மிகவும் குறுகலாக வளைந்து ஸ்விங் ஆர்ம் ரப்பரை அரைத்துத் தள்ளும், செயினும் சீக்கிரம் தேயும்.

பின் சக்கரத்துக்கு 18 இன்ச் ரிம் வாங்கி, அதே ஹப்பில் கட்டிக்கொள்ளலாம். ஸ்போக் நீளம் மாறும். பழைய ஸ்போக்கை வெட்டி மரை போட்டு ஒப்பேற்றக் கூடாது, புதிதாக அளந்து வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ரிம், ஸ்போக் கடைகளை விசாரிக்கலாம். பழைய உதிரிக்குப் புதுப்பேட்டை. ஆனால் பழைய ரிம் வாங்கினால் தட்டையான இடத்தில் வைத்து ஆட்டம் பார்த்தே வாங்குங்கள். ரிம் மாற்றும்வரை 19 இன்ச்சில் கல் பகுதியில் 14 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்க வேண்டாம், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கிக் கிழியும். 18இல் தடித்த டியூப்போடு 12 வரை இறங்கலாம், மணலில் இன்னும் ஒன்றிரண்டு குறைக்கலாம்.

இன்ஜினை அடக்குவது

மோட்டோகிராஸ் இன்ஜின் கையில் சட்டென்று அணைவதற்கு முக்கியக் காரணம் மேக்னெட்டின் எடைக் குறைவு. சுழலும் எடை குறைவானால் ஆர்பிஎம் பாய்ந்து ஏறும், அதே வேகத்தில் விழும். டிராக்கில் அதுதான் தேவை. கல் மேட்டில் பின் சக்கரம் சுழன்று குழி தோண்டுவதும், பிரேக் பிடித்ததும் இன்ஜின் அணைவதும் அதனாலேயே. இதற்கென்றே மேக்னெட்டின் மேல் மாட்டும் எடை வளையங்கள் விற்கிறார்கள், 250 முதல் 400 கிராம் வரை. 250 சிசி வண்டிக்கு 300 கிராமை ஒட்டிப் போதும். 125க்கு இன்னும் குறைவு, இல்லாவிட்டால் இருக்கிற சுறுசுறுப்பும் போய்விடும்.

லேத் பட்டறையில் வளையம் கடைந்து மாட்டலாமே என்று தோன்றும். அம்பத்தூரிலும் கிண்டியிலும் அருமையான கைகள் இருக்கின்றன, கடைவதில் குறை வராது. பிரச்சினை பேலன்ஸ். 8,000 ஆர்பிஎம்மில் ஒரு பக்கம் ஐந்து கிராம் கூடினாலும் கிராங்க் பேரிங்கும் மேக்னெட் கீயும் அதை வாங்கிக்கொள்ளும். பேலன்ஸ் செய்து தரும் இடம் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். மேக்னெட்டைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் காந்தம் உடையும், கிராங்கும் கோணும். திரும்ப மாட்டும்போது கூம்புப் பகுதி இரண்டையும் தின்னர் போட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் மாட்டி, மேனுவலில் சொன்ன டார்க் அளவில் இறுக்குங்கள். கூம்பின் பிடிதான் மேக்னெட்டைத் தாங்குகிறது, கீ வெறும் அடையாளத்துக்குத்தான். எண்ணெய் இருந்தால் பிடி நழுவி கீ வெட்டிப்போகும், டைமிங் தப்பும்.

கம்ப்ரஷனைக் குறைக்கச் சிலிண்டர் அடியில் தடித்த கேஸ்கெட் போடும் பழக்கம் உண்டு. டிரெயிலுக்கு அது நேர் எதிரான வேலை. சிலிண்டர் உயர்ந்தால் எக்ஸாஸ்ட் போர்ட்டும் உயரும், போர்ட் சீக்கிரம் திறக்கும், சக்தி இன்னும் மேல் ஆர்பிஎம்முக்குப் போகும். கூடவே ஸ்குவிஷ் இடைவெளி (பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ளது) விரிந்து இன்ஜின் தட்டும் வாய்ப்பு ஏறும். கம்ப்ரஷன் குறைய வேண்டுமானால் ஹெட்டின் கிண்ணத்தைத்தான் லேத்தில் குடைய வேண்டும், ஸ்குவிஷ் விளிம்பைத் தொடக் கூடாது. ஸ்குவிஷ் அளக்க 2 மி.மீ. ஈயக் கம்பியைப் பிஸ்டன் பின் போகும் திசையில் இரண்டு ஓரத்திலும் கிரீஸ் வைத்து ஒட்டி, ஹெட்டை இறுக்கி, ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரில் அளக்கவும். 250இல் 1.2 முதல் 1.5 மி.மீ. நல்ல அளவு. 1 மி.மீ.க்குக் கீழே போனால் சூட்டில் பிஸ்டன் ஹெட்டைத் தொடும் அபாயம் உண்டு.

அதற்கு முன்பாகச் செலவில்லாத வேலை ஒன்று: பவர் வால்வ் ஸ்பிரிங். கார்புரேட்டர் கால கேடிஎம் 250, 300 வண்டிகளில் மூன்று நிற ஸ்பிரிங் உண்டு. பச்சை சாதுவானது, மஞ்சள் நடுவானது, சிவப்பு முரடு. ஈர மண்ணுக்கும் பாறைக்கும் பச்சை. மாற்றப் பத்து நிமிடம் போதும்.

சென்னைக் காற்றும் கார்புரேட்டரும்

டிரெயிலில் த்ராட்டில் பாதிக்கு மேல் திறப்பதே அரிது. அதனால் ஜெட்டுகளில் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகள்) மெயின் ஜெட்டைவிட பைலட் ஜெட்டும் நீடிலும்தான் முக்கியம். கால் பங்கு வரை பைலட்டும் ஏர் ஸ்குரூவும், அங்கிருந்து முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின். இன்ஜினை நன்றாகச் சூடாக்கியபின் ஏர் ஸ்குரூவை முழுக்க மூடி, மெதுவாகத் திறந்துகொண்டே போங்கள். ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். 1 முதல் 2 சுற்றுக்குள் அது வந்தால் பைலட் சரி. 2.5 சுற்றைத் தாண்டினால் ஒரு எண் சிறிய பைலட் போடுங்கள். 1 சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் ஒரு எண் பெரியது.

மேனுவலில் உள்ள ஜெட் அளவுகள் பொதுவாக 20 டிகிரியை ஒட்டிய காற்றுக்கு எழுதியவை. சென்னையில் 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைகிறது, கடலோர ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் குறைக்கிறது. அப்படியானால் சிறிய ஜெட் வேண்டும். ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு அதே காற்றில் கூடுதல் எரிபொருள் தேவை, ஆகவே பெரிய ஜெட் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும். எனவே 'சென்னை வெயில்தானே' என்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எண் சிறிய மெயின் ஜெட் போட்டால் லீன் ஆகி (காற்றுக்கு எரிபொருள் போதாமல்) பிஸ்டன் ஓட்டையாகும். மேனுவல் அளவில் ஆரம்பித்து, பிளக் நிறம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு எண் மட்டும் மாற்றுங்கள். பிளக் காபி நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்தால் உடனே நிறுத்துங்கள். ஏலகிரி உயரத்துக்குப் போனால் காற்று சுமார் 10 சதவீதமும், ஊட்டியில் சுமார் 20 சதவீதமும் மெலிந்துவிடும். அங்கே சிறிய ஜெட்டுகளை எடுத்துப் போக வேண்டும்.

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். கலந்த பெட்ரோலைக் கேனில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

ஆயில் கலவை: 40க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மி.லி., 32க்கு 1 என்றால் 31 மி.லி., யமஹா மேனுவல் சொல்லும் 30க்கு 1 என்றால் 33 மி.லி. டிரெயிலில் மெதுவாக ஓட்டுவதால் சைலன்சர் மூட்டில் கருப்பு எண்ணெய் ஒழுகும். உடனே ஆயிலைக் குறைப்பது தவறு. ஒழுகுவது பெரும்பாலும் பைலட்டும் நீடிலும் ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) இருப்பதால்தான், ஜெட்டைச் சரிசெய்தால் நின்றுவிடும். பிளக் அடிக்கடி கருத்து அடைத்தால், ஜெட் சரியான பிறகும் தொடர்ந்தால் மட்டும், ஒரு படி சூடான பிளக் போடலாம். என்ஜிகே எண்ணில் 8க்குப் பதில் 7.

சூடு

மே மாதம் தோப்புக்குள் முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே போனால் எந்த மோட்டோகிராஸ் வண்டியும் கொதிக்கும். அதன் ரேடியேட்டர் ஓடும் காற்றை நம்பியது. ஃபேன் கிடையாது, வழியும் கூலன்ட்டைப் பிடிக்கும் டப்பாவும் பெரும்பாலும் கிடையாது, வழிந்தது தரையில்தான். ஃபேன் மாட்டலாம் என்றால் இன்னொரு சிக்கல்: மோட்டோகிராஸ் காயில் பிளேட்டில் பொறிக்கான காயில் மட்டும்தான் இருக்கும், லைட் காயில் இருக்காது. டிரெயில் மாடலின் காயில் பிளேட்டையும் மேக்னெட்டையும் சேர்த்து மாற்றினால் ஃபேன், லைட் இரண்டும் கிடைக்கும், மேக்னெட் எடையும் கூடவே வந்துவிடும். ஒரே பிளாட்ஃபார்மில் இரண்டு மாடலும் உள்ள வண்டியில் இது நல்ல வழி. அது முடியாவிட்டால் அழுத்தம் கூடிய ரேடியேட்டர் மூடி போடுங்கள், கொதிநிலை சில டிகிரி உயரும். ஏரிக் களிமண்ணில் ஓடிவிட்டு வந்தால் ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே காய்ந்த மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் நேராக அடித்தால் இதழ் மடங்கிப்போகும், பிறகு காற்றே போகாது.

மலையிறக்கத்தில் இன்னொரு எச்சரிக்கை. பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. த்ராட்டிலை முழுக்க மூடிக்கொண்டு கியரிலேயே நீண்ட தூரம் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுழலும், ஆயில் மட்டும் வராது. சில வினாடிக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து லேசாக ரேஸ் கொடுங்கள்.

ஃபோம் ஃபில்டரை ஒவ்வொரு மணல் ஓட்டத்துக்குப் பிறகும் மண்ணெண்ணெயில் அலசி, சோப்பு நீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் பிசைந்து மாட்டுங்கள். பெட்ரோலில் அலசினால் ஃபோம் ஒட்டிய பசை கரைந்து பிரிந்துவிடும். கியர் ஆயில் 250களில் 700 முதல் 800 மி.லி. பிடிக்கும். கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால் டிரெயிலில் அது சீக்கிரம் கருக்கும், 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

டிரெயில் வண்டியை டிராக்குக்குக் கொண்டுபோனால்

இந்தப் பக்க மாற்றம் எளிது, ஆனால் பாதி வழியோடு நிற்கும். கடினமான ஸ்பிரிங் போட்டு, ஃபோர்க் ஆயில் அளவை 10 மி.மீ. உயர்த்தி, கம்ப்ரஷன் கிளிக்கரை மூடினால் சிறு ஜம்ப்புகளைத் தாங்கும். லைட், ஸ்டாண்டு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர் வால்வுக்குச் சிவப்பு ஸ்பிரிங் போடுங்கள். அகன்ற கியர்பாக்ஸில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே ஆர்பிஎம் விழுந்து, வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் தொங்கும். அதற்கு மருந்து இல்லை, கிளட்சை லேசாகத் தட்டி எழுப்பத்தான் வேண்டும்.

எங்கே ஓட்டுவது, எப்படிக் கொண்டுபோவது

மோட்டோகிராஸ் வண்டிக்குப் பதிவெண் வாங்க முடியாது. வீட்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரைகூட ரோட்டில் ஓட்டுவது குற்றம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் அப்படியே. கடற்கரை மணல் ஆசை காட்டும், ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன, டயர் ஏறினால் கூடு நசுங்கும். நிலத்துக்காரரிடம் கேட்டு, தனியார் தோப்பிலோ பயிற்சிக்கான டிராக்கிலோ ஓட்டுங்கள். கைவிட்ட கல்குவாரி வேண்டாம், விளிம்பு எப்போது சரியும் என்று தெரியாது.

குட்டி யானையில் ஏற்றும்போது முன் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை வைத்து, இரண்டு ஸ்ட்ராப்பால் ஹேண்டில்பாரைக் கீழே இழுத்துக் கட்டுங்கள். கட்டை இல்லாமல் ஃபோர்க்கை அடிவரை அழுத்திக் கட்டினால் போய்ச் சேர்வதற்குள் ஃபோர்க் சீல் கசிய ஆரம்பித்துவிடும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, முதல் பத்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி ஸ்ட்ராப் தளர்ந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.